ஃபார்அவே பண்ணையும் சிரிகாவா மலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரிசோனாவின் தென்கிழக்கு மூலையில், மெக்சிகோ எல்லையிலிருந்து அதிகத் தொலைவில்லாத சிரிகாவா மலைத்தொடரில் பொனிடா என்றொரு பள்ளத்தாக்கு. அதன் வாயிலில் ஒரு பழைய பண்ணை வீடு, மேலே ஆயிரக்கணக்கான கல்தூண்கள். எல்லாம் சேர்ந்ததுதான் சிரிகாவா தேசிய நினைவுச்சின்னம். வருகிறவர்களில் பாதிப்பேர் வண்டியை நேரே உச்சிக்கு ஓட்டி, படம் எடுத்து, இறங்கிப் போய்விடுகிறார்கள். பண்ணை வீட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இந்தக் கேள்வி பதில்கள் அங்கே ஒரு முழு நாளாவது செலவழிக்க நினைப்பவர்களுக்கு.

எப்படிப் போவது?

டூசான் நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 120 மைல், இரண்டு மணி நேரப் பயணம். ஐ-10 நெடுஞ்சாலையில் வில்காக்ஸ் ஊர் வந்ததும் 340ஆம் எண் வெளிவழியில் இறங்கி, அரிசோனா 186 சாலையில் தென்கிழக்காகச் செல்லுங்கள். 32 மைல் கழித்து 181ஆம் சாலை வரும். அதில் கிழக்கே திரும்பினால் 4 மைலில் நுழைவாயில். முழுக்கத் தார்ச்சாலைதான், சாதாரணக் கார் போதும்.

வில்காக்ஸைத் தாண்டும் முன் இரண்டு வேலையை முடித்துவிட வேண்டும். ஒன்று, பெட்ரோல் நிரப்புவது. பூங்காவுக்குள் பங்க் கிடையாது. போக, வர, மலையேற, இறங்க என்று 90 மைலுக்குக் குறையாமல் ஓடும். இரண்டாவது, சாப்பாடு வாங்குவது. உள்ளே உணவகமும் இல்லை. செல்போன் சிக்னலும் பெரும்பாலும் கிடைக்காது. வரைபடத்தை வில்காக்ஸிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை, முகாமில் தங்கினால் மட்டுமே பணம்.

'ஃபார்அவே' என்று ஏன் பெயர்?

'வெகுதூரம்' என்பதுதான் பொருள். எங்கிருந்து பார்த்தாலும் எட்டாத இடத்தில் இருக்கிறது என்று அலுத்துக்கொண்டு லிலியன் எரிக்சன் வைத்த பெயர். விருந்தினர்களுக்கு அதுவே விளம்பரமாகிவிட்டது.

லிலியனின் பெற்றோர் இருவரும் ஸ்வீடனிலிருந்து வந்தவர்கள். தந்தை நீல் எரிக்சன் அமெரிக்கக் குதிரைப்படையில் இருந்தவர். தாய் எம்மா பீட்டர்சன், பக்கத்து ராணுவக் கோட்டையான ஃபோர்ட் பொவியில் ஓர் அதிகாரியின் வீட்டில் வேலை பார்த்தவர். 1887இல் திருமணம், மறு ஆண்டு பொனிடா பள்ளத்தாக்கில் குடியேற்றம். அப்போது அங்கே இருந்தது ஒரு சின்ன மரக்குடில்தான். 1862ஆம் ஆண்டு நிலக்குடியேற்றச் சட்டப்படி அரசிடமிருந்து 160 ஏக்கர் பெறலாம். ஆனால் ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருந்து, நிலத்தைத் திருத்திக் காட்ட வேண்டும். மழை குறைந்த இந்தச் சீமையில் 160 ஏக்கர் என்பது மாடு மேய்க்கப் போதாத அளவு. அதனால்தான் நீல் சில ஆண்டுகள் பிஸ்பீ சுரங்க ஊருக்குத் தச்சு வேலைக்குப் போனார். பண்ணையையும் பிள்ளைகளையும் எம்மா பார்த்துக்கொண்டார். 1903இல் நீலுக்கு வனக்காவலர் வேலை கிடைத்த பிறகுதான் மாதச் சம்பளம் என்று ஒன்று வந்தது.

மாட்டைவிட விருந்தாளி லாபம் என்று கண்டுகொண்டவர்கள் மகள்கள். 1917இல் மூன்று பிள்ளைகளில் இளையவரான ஹில்டகார்ட் வெளியூராரைத் தங்க வைத்துச் சமைத்துப் போடத் தொடங்கினார். அவர் 1920இல் திருமணமாகிப் போனதும் லிலியன் தனியே நடத்தினார். 1923இல் எட் ரிக்ஸை மணந்தார். இருவரும் சேர்ந்து மேலேயிருந்த கல்தூண்களை 'பாறைகளின் அதிசய உலகம்' என்று ஊரெங்கும் சொல்லிப் பரப்பினார்கள். குதிரையில் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். 1924 ஏப்ரல் 18 அன்று அதிபர் கால்வின் கூலிட்ஜ் கையெழுத்திட்டு அதைத் தேசிய நினைவுச்சின்னம் ஆக்கியதில் இந்தத் தம்பதிக்கு நல்ல பங்கு உண்டு. தொழில் நோக்கும் கலந்திருந்தது, அதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை.

லிலியனுக்கு 1940களில் பார்வை போய்விட்டது. எட் 1950இல் இறந்தார். அதற்குப் பிறகும் லிலியன் 20 ஆண்டுக்கு மேல் பண்ணையைக் கையில் வைத்திருந்தார், குதிரையும் ஏறினார். 1977இல் அவர் காலமானார். 1979இல் தேசியப் பூங்காத் துறை பண்ணையை வாங்கிக்கொண்டது.

வீட்டில் தவறவிடக் கூடாதது எது?

கணப்பு. குளிர்காயும் அடுப்பு. ஒரே ஒரு பொருளைப் பார்க்க நேரம் இருந்தாலும் இதைப் பாருங்கள்.

கற்களை உற்றுப் பாருங்கள். பலவற்றில் ஆட்பெயர்களும் படைப்பிரிவின் எழுத்துகளும் உளியால் வெட்டப்பட்டிருக்கும். சில நேராக, சில கோணலாக. ஒரு கல்லில் எழுத்து ஆழமாக இருக்கும், பக்கத்துக் கல்லில் கீறல் போல மங்கியிருக்கும். கணப்புக்காக வெட்டிய கற்கள் அல்ல இவை. 1885–86இல் பொனிடா பள்ளத்தாக்கில் முகாமிட்டிருந்த 10ஆம் குதிரைப்படையின் கறுப்பின வீரர்கள் வெட்டியவை. 'பஃபலோ சோல்ஜர்ஸ்' என்று வரலாற்றில் சொல்லப்படுகிறவர்கள். ராணுவத்தை எதிர்த்துப் போரிட்ட அப்பாச்சிப் பூர்வகுடித் தலைவர் ஜெரோனிமோவின் ஆட்கள் இங்குள்ள தண்ணீரைத் தொடாமல் காப்பதும், முகாம்களுக்கிடையே தபால் கொண்டுபோவதும் அவர்கள் வேலை. மாதக்கணக்கில் சண்டையே வராத காவல். அந்த ஓய்வில், 1881இல் சுடப்பட்டு இறந்த அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டுக்கு ஒரு கல் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். கார்ஃபீல்ட், உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் தளபதியாக இருந்தவர், கறுப்பின மக்களின் உரிமைக்கு ஆதரவாக நின்றவர். தம் பெயர்களையும் அந்தக் கற்களிலேயே வெட்டி வைத்தார்கள்.

காலப்போக்கில் சின்னம் சரிந்தது. வந்தவர் போனவரெல்லாம் கல்லைத் தூக்கிப் போகத் தொடங்கினார்கள். 1920களில் எட் ரிக்ஸும் லிலியனும் மிச்சமிருந்ததைப் பெயர்த்து வந்து கணப்பாகக் கட்டிவிட்டார்கள். காப்பாற்றினார்களா, அழித்தார்களா? இரண்டுமே உண்மை. கற்கள் பிழைத்தன. ஆனால் அடுக்கிய ஒழுங்கு போயிற்று, எந்தப் பெயர் எங்கே நின்றது என்பது போயிற்று. வீரர்கள் ஓர் அதிபருக்கு எழுப்பியது ஒரு விடுதியின் அலங்காரமானது. இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் அது வெறும் கணப்பாகத் தெரியாது.

வீட்டுக்குள் எப்போதும் போகலாமா?

முடியாது. வெளிப்புறமும் தோட்டமும் நாள் முழுக்கத் திறந்திருக்கும். உள்ளே ரேஞ்சர், அதாவது பூங்காக் காவலர், கூட வந்தால்தான் போகலாம். எந்த நாள், எத்தனை மணி என்பது பருவத்துக்கும் ஆள் வசதிக்கும் ஏற்ப மாறும். காலையில் முதல் வேலையாகப் பார்வையாளர் மையத்தில் கேட்டு, அந்த நேரத்தைச் சுற்றி மற்ற திட்டத்தை அமைத்துக்கொள்ளுங்கள். மலைக்குப் போய்விட்டு மாலையில் வந்து கேட்பவர்களுக்குப் பூட்டிய கதவுதான் மிச்சம்.

உள்ளே போக முடியாவிட்டாலும் சன்னல் வழியாகச் சிலது தெரியும். வெளிச்சுவரைச் சுற்றி வரும்போது கட்டடம் கட்டம் கட்டமாக வளர்ந்தது புலப்படும். ஒரே மூச்சில் கட்டிய வீடு இல்லை. பணம் வந்தபோதெல்லாம் ஒரு பகுதி.

பக்கத்தில் இருக்கும் மரக்குடில் யாருடையது?

ஸ்டாஃபோர்ட் குடும்பத்தினுடையது. 1880இல் கட்டியது, எரிக்சன்களுக்கு முந்தியது. தோட்டமும் பழமரங்களும் வைத்து, விளைந்ததை ஃபோர்ட் பொவி படையினருக்கு விற்றார்கள். குடியேறியவர்களின் பொருளாதாரம் எதில் நின்றது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். கோட்டை இருக்கும்வரை காய்கறிக்குச் சந்தை இருந்தது. 1894இல் கோட்டையை மூடிவிட்டார்கள்.

அதற்கு முன் இது யாருடைய நிலம்?

சிரிகாவா அப்பாச்சிகளின் நிலம். குறிப்பாக, கொச்சீஸ் தலைமையிலிருந்த சோகோனென் பிரிவினருடையது. 'நின்றுகொண்டிருக்கும் பாறைகளின் நாடு' என்று இந்த இடத்தைக் குறிப்பிட்டதாகச் சொல்கிறார்கள்.

அமெரிக்க ராணுவத்தோடு பகை மூண்டது 1861 பிப்ரவரியில், வடக்கே அப்பாச்சி கணவாயில். ஒரு பண்ணையிலிருந்து சிறுவன் ஒருவன் கடத்தப்பட்டான். அதைச் செய்தது கொச்சீஸின் ஆட்கள் என்று நினைத்த லெப்டினன்ட் ஜார்ஜ் பாஸ்கம், பேச வந்த கொச்சீஸைக் கூடாரத்துக்குள் பிடித்து வைக்கப் பார்த்தார். கொச்சீஸ் கூடாரத்தைக் கத்தியால் கிழித்துத் தப்பினார், உறவினர்கள் மாட்டிக்கொண்டார்கள். இரு தரப்பும் பிணையாளிகளைக் கொன்றன. கடத்தியவர்கள் வேறொரு அப்பாச்சிப் பிரிவினர். பத்தாண்டுக்கு மேல் நீண்ட போரின் தொடக்கம் இது.

1872இல் ஜெனரல் ஆலிவர் ஹோவர்ட் நேரில் வந்து பேசியதால் சமாதானம் ஏற்பட்டது. இந்த மலைகளை உள்ளடக்கிய காப்பகம், அதாவது பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய நிலம், சிரிகாவாக்களுக்குக் கிடைத்தது. 1874இல் கொச்சீஸ் இறந்தார். 1876இல் அரசு காப்பகத்தைக் கலைத்து, மக்களை வெப்பம் கொளுத்தும் சான் கார்லோஸ் காப்பகத்துக்கு அனுப்பியது. அங்கிருந்து தப்புவதும் துரத்துவதுமாகப் பத்தாண்டு ஓடியது. 1886 செப்டம்பர் 4 அன்று ஸ்கெலிட்டன் பள்ளத்தாக்கில் ஜெரோனிமோ சரணடைந்தார். அதன்பின் போரிட்டவர், போரிடாதவர், ராணுவத்துக்கே வழிகாட்டியவர் என்று பாகுபாடில்லாமல் எல்லாரையும் ரயிலேற்றி ஃபுளோரிடாவுக்கு அனுப்பினார்கள். பின்பு அலபாமா, அதன்பின் ஒக்லஹோமா. 27 ஆண்டுகள் போர்க்கைதிகளாகவே வைத்திருந்தார்கள்.

தேதிகளைச் சேர்த்துப் பாருங்கள். ரயில் கிளம்பியது 1886, எரிக்சன்கள் குடியேறியது 1888. 'காலி நிலம்' காலியாகி இரண்டே ஆண்டு.

மலைச்சாலை முடியும் உச்சிக்கு மசாய் முனை என்று ஏன் பெயர்?

அந்த ரயிலிலிருந்து மிசௌரி மாநிலத்தில் குதித்துத் தப்பி, ஆயிரம் மைலுக்கு மேல் நடந்தே திரும்பியதாகச் சொல்லப்படும் அப்பாச்சி வீரர் மசாய். 1890இல் ஸ்டாஃபோர்டின் குதிரை ஒன்று காணாமல் போனது. தடம் பார்த்து நீல் எரிக்சன் மேலே ஏறினார், ஆளைப் பிடிக்க முடியவில்லை. மசாய் போனதாகக் கருதப்படும் முகட்டுக்குப் பிற்பாடு அந்தப் பெயர் வந்தது.

கல்தூண்கள் எப்படி உண்டாயின? காற்று அரித்ததா?

காற்று இல்லை. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், தவறு. தண்ணீரும் பனிக்கட்டியும் செய்த வேலை.

ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பூங்காவுக்குத் தெற்கே டர்க்கி க்ரீக் எரிமலை வெடித்தது. வெளியே வந்த பொருள் 100 கன மைலுக்கு மேல். உள்ளே கூடானதால் நிலம் இடிந்து விழுந்து, 12 மைல் அகலக் குழி உண்டாயிற்று. சாம்பலும் நுரைக்கல்லும் கொதிக்கும் வாயுவும் கலந்த நெருப்பு மேகம் தரையோடு தரையாகப் பாய்ந்து, நூற்றுக்கணக்கான அடி தடிமனுக்குப் படிந்தது. படியும்போதே அது கடும் சூடு. மேலேயுள்ள எடையில் சாம்பல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருகி, ரயோலைட் என்ற பாறையாக இறுகின.

ஆறும்போது பாறை சுருங்கும். காய்ந்த ஏரிச்சேறு வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கணக்குதான். செங்குத்தாக விரிசல்கள் ஓடின. பிற்பாடு இந்த நிலப்பகுதியையே பூமியின் இழுவிசை தூக்கி உடைத்தபோது மேலும் விரிசல். மழைநீர் அவற்றில் இறங்கியது. இரவில் உறையும் நீர் சுமார் 9 விழுக்காடு பருக்கும். ஆப்பு அடித்தது போலப் பாறையை நெட்டும். பகலில் உருகி இன்னும் ஆழம் இறங்கும். விரிசல் அகன்று சந்தாகும், சந்துகளுக்கு நடுவே நிற்பது தூண்.

தூண்களின் குறுக்கே கிடையாக ஓடும் பள்ளங்களையும் கவனியுங்கள். ஒட்டாமல் போன மெத்தென்ற அடுக்குகள் அங்கே சீக்கிரம் கரைந்துவிட்டன. இதனால்தான் சில தூண்கள் இட்லியை அடுக்கியது போலவும், சில மெல்லிய கழுத்தில் பெரிய தலை வைத்தது போலவும் நிற்கின்றன. பெரிய சமநிலைப் பாறை என்று பெயர் பெற்றது ஏறத்தாழ 1,000 டன் என்கிறார்கள். அடிப்பகுதியோ சிறியது.

பச்சையும் மஞ்சளுமாக மேலே படர்ந்திருப்பது பெயின்ட் அல்ல, லைக்கன் என்ற கற்பாசி. தொட்டுச் சுரண்டாதீர்கள், மிக மெதுவாக வளர்வது.

ஒரே நாள்தான் இருக்கிறது. எந்த வரிசையில் பார்ப்பது?

கோடை இல்லையென்றால் இப்படி வைத்துக்கொள்ளலாம். காலையில் பார்வையாளர் மையம் திறந்ததுமே வந்து வீட்டு நேரத்தைக் கேட்டுவிட்டு, மலைச்சாலையில் 8 மைல் ஏறி மசாய் முனை. உயரம் 6,870 அடி. அரை மைல் சுற்றுப்பாதை ஒன்று உண்டு, அதில் நடந்தால் பாறை வகைகள் பிடிபடும். வடக்கே கொச்சீஸின் தலை என்று சொல்லும் மலை, மல்லாந்து படுத்த முகம் போல் தெரியும். பின்பு சற்றுக் கீழே எக்கோ பள்ளத்தாக்கு வாகனத் தளத்தில் வண்டியை விட்டு 3.3 மைல் சுற்று. இறங்கிவந்து சாப்பிட்டு, மதியம் பண்ணை வீடு, குடில், நிழலான புல்வெளி நடை. பண்ணையும் மையமும் ஏறத்தாழ 1 மைல் இடைவெளியில்தான், நடந்தே போய் வரலாம்.

எக்கோ பள்ளத்தாக்கின் வாகனத் தளம் சிறியது. வார இறுதியில் 10 மணிக்கு மேல் இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். 29 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு மலைச்சாலையில் அனுமதி இல்லை.

எந்த நடைபாதை யாருக்கு ஏற்றது?

*எக்கோ பள்ளத்தாக்குச் சுற்று, 3.3 மைல்.* இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் நடப்பது நல்லது. முதலில் தூண்களுக்கு நடுவே குகை போன்ற சந்துகள், பின்பு மரநிழல், அடுத்து வெயிலில் காயும் ஹெயில்ஸ்டோன் பாதை, கடைசியில் எட் ரிக்ஸ் பாதையில் நிதானமான ஏற்றம். ஹெயில்ஸ்டோன் என்றால் ஆலங்கட்டி. பாறையில் கோலிக்குண்டு அளவு உருண்டைகள் ஒட்டியிருப்பதால் அந்தப் பெயர். சூடான சாம்பல் இறுகும்போது உள்ளேயே விளைந்த படிகக் கட்டிகள் அவை. இந்தப் பாதையில் கற்றாழையும் முள்செடியும்தான், எதிர்ச்சரிவில் பைன் மரங்கள். வெயில் விழும் பக்கம் மாறினாலே தாவரம் மாறிவிடுகிறது. அந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தச் சுற்றைப் பரிந்துரைக்கலாம்.

*பாறைகளின் இதயம், 7.3 மைல்.* போக வர நான்கு முதல் ஐந்து மணி. சமநிலைப் பாறையும், வாத்து, முத்தமிடும் முகங்கள் என்று பெயர் வைத்த தூண்களும் இங்கேதான். ஏற்ற இறக்கம் திரும்பத் திரும்ப வரும். மைலைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

*பெரிய சுற்று, 9.5 மைல்.* மேலே சொன்ன இரண்டையும் சேர்த்தது. நல்ல உடல்திறன் வேண்டும்.

*சுகர்லோஃப், போக வர 1.8 மைல்.* பூங்காவின் உச்சி, 7,310 அடி. மேலேயுள்ள காட்டுத்தீக் கண்காணிப்புக் குடில், 1930களில் வேலையில்லா இளைஞர்களுக்கு அரசு நடத்திய சி.சி.சி. படையினர் கட்டியது. 1934 முதல் 1940 வரை இங்கே முகாமிட்ட அவர்கள்தான் சாலையையும் இன்றைய பாதைகள் பலவற்றையும் போட்டார்கள். பாதை வெட்டும் மேஸ்திரியாக அவர்களோடு வேலை பார்த்தவர் எட் ரிக்ஸ்.

தண்ணீர், காலணி? என்ன தவறு நடக்கிறது?

பாதைகளில் குடிநீர் இல்லை. சிறு சுற்றுக்கு ஆளுக்கு 2 லிட்டர், 7 மைலுக்கு மேல் போனால் 4 லிட்டர். காற்று வறண்டிருப்பதால் வியர்வை தெரியாமலே ஆவியாகும், வேர்க்கவில்லையே என்று குடிக்காமல் இருப்பவருக்குத்தான் தலைவலியும் குமட்டலும் வரும். உப்புக் கடலையோ முறுக்கோ கையில் இருக்கட்டும். வெறும் தண்ணீர் மட்டும் போதாது.

பாறை உதிர்ந்த பொடிக்கல் பாதை நெடுகக் கிடக்கும். சரிவில் கால் வைத்தால் கேழ்வரகைக் கொட்டிய தரை போல வழுக்கும். அடிப்பகுதி தேய்ந்த காலணியும் செருப்பும் வேண்டாம். கால் சறுக்கிக் கையை ஊன்றுவதுதான் பொதுவான காயம். ஊன்றும் இடத்தில் கற்றாழை முள் இருந்தால் இரட்டிப்பு வேதனை. ஒரு சின்ன இடுக்கி எடுத்துப் போங்கள்.

தூண் மேல் ஏறாதீர்கள். மேற்பரப்பு கைப்பிடியோடு பெயர்ந்து வரும்.

எந்த மாதம் நல்லது?

மார்ச் முதல் மே தொடக்கம் வரை, பின்பு அக்டோபர், நவம்பர். மே கடைசியும் ஜூனும் வறட்சி, காட்டுத்தீ அபாயம். ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை பருவமழை. காலையில் வானம் பளிச்சென்று இருக்கும், 1 மணிக்கு மேல் இடி. மசாய் முனையும் சுகர்லோஃபும் மின்னலுக்குத் திறந்த மொட்டை முகடுகள். இந்த மாதங்களில் நண்பகலுக்குள் கீழே வந்துவிட வேண்டும். ஆனால் பள்ளத்தாக்கு பச்சை பிடிப்பதும் ஓடையில் நீர் ஓடுவதும் இப்போதுதான். மாலை மழைக்குப் பின் ஈரப் பாறையின் நிறம் வேறு மாதிரி இருக்கும்.

குளிர்காலத்தில் பனி விழும், சாலை சில நாள் மூடப்படும். எக்கோவின் நிழல் சந்துகளில் பனிக்கட்டி வாரக்கணக்கில் கிடக்கும். வில்காக்ஸை விட மசாய் முனை 2,700 அடி உயரம், அதனால் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் வரை குறைவு. கீழே சட்டை போதும் என்றால் மேலே ஸ்வெட்டர் வேண்டும்.

'வானத் தீவு' என்கிறார்களே, அது என்ன?

சுற்றிலும் வறண்ட புல்வெளி, நடுவே குளிர்ந்த காடுள்ள மலை. கடலுக்குப் பதில் பாலைவனம், அவ்வளவுதான். பூங்காவுக்கு வெளியே, சிரிகாவா மலைத்தொடரின் உச்சி 9,759 அடி. வடக்கே ராக்கி மலைகள், தெற்கே மெக்சிகோவின் சியர்ரா மாத்ரே, மேற்கே சொனோரா பாலை, கிழக்கே சிவாவா பாலை. நான்கும் சந்திக்கும் முனை இது. அதனால் மெக்சிகோ உயிரினங்கள் பல எல்லை தாண்டி இங்கே வரை வந்து நிற்கின்றன. நீள வாலை நிமிர்த்திக் கூட்டமாகத் திரியும் கோட்டி, ஹாவெலினா என்ற காட்டுப்பன்றி மாதிரியான விலங்கு, கருங்கரடி எல்லாம் உண்டு. கரடிக்காக முகாமில் உணவை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். பற்பசையும் சோப்பும்கூட.

மரத்தில் ஒன்றை மட்டும் சொல்வதானால் அலிகேட்டர் ஜூனிப்பர். பட்டை முதலைத் தோல் மாதிரி சதுரம் சதுரமாக வெடித்திருக்கும். பண்ணையைச் சுற்றிப் பெரிய மரங்கள் இருக்கின்றன.

2011 தீயில் எல்லாம் எரிந்துவிட்டதா?

ஹார்ஸ்ஷூ 2 என்ற அந்தத் தீ மே 8 அன்று மனிதர்களால் பிடித்தது. ஜூன் கடைசி வரை எரிந்து, சுமார் 2,23,000 ஏக்கரைத் தொட்டது. சிரிகாவா மலைத்தொடரின் பெரும்பகுதி அதில் அடக்கம். பண்ணை வீடு பிழைத்தது. கல்தூண்களுக்கும் சேதமில்லை, மரங்களுக்குத்தான். கருகிய அடிமரங்களை இன்றும் காணலாம். தீயைவிட அடுத்து வந்த மழைதான் பாதைகளைக் கெடுத்தது. வேரில்லாத சரிவில் மண்ணும் கல்லும் சேர்ந்து இறங்கும். ஓடைக்கரைப் பாதைகளில் பெருமழைக்கு மறுநாள் போவதானால் முதலில் மையத்தில் விசாரித்துவிடுங்கள்.

இன்னொரு நாள் இருந்தால்?

ஃபோர்ட் பொவி. 186ஆம் சாலையிலிருந்து பிரியும் அப்பாச்சி கணவாய் மண்சாலையில் வண்டியை விட்டு, 1.5 மைல் நடந்துதான் கோட்டைக்குப் போக முடியும். அந்த நடைதான் சுவை. தபால் வண்டி நிலையத்தின் அடித்தளம், இடுகாடு, அப்பாச்சி ஊற்று, பழைய கோட்டை என்று வரிசையாக வரும். இடுகாட்டில் ஜெரோனிமோவின் மகன் என்று குறிக்கப்பட்ட லிட்டில் ரோப் என்ற குழந்தையின் கல்லறை உண்டு. 1862 ஜூலை 15, 16இல் ராணுவத்துக்கும் அப்பாச்சிகளுக்கும் சண்டை நடந்ததே இந்த ஊற்றுக்காகத்தான். சண்டை முடிந்த கையோடு ராணுவம் கோட்டை கட்டியது. ஊற்றைப் பார்த்தால் 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். சின்ன ஓட்டம். சுற்றியுள்ள பூமியைப் பார்த்தபின் அதன் மதிப்பு விளங்கும்.

மலையைக் கடந்து கிழக்கே போர்ட்டலுக்குப் போகலாமா? வரைபடத்தில் பக்கம்தானே?

பக்கம்தான், மண்சாலைதான். பூங்கா வாயிலுக்கு வெளியே தொடங்கும் பைனரி பள்ளத்தாக்குச் சாலை, ஆனியன் சேடில் கணவாயில் 7,600 அடிவரை ஏறி இறங்கும். குறுகல், வளைவு, தடுப்புச் சுவர் இல்லை. ஜிபிஎஸ் இதை நேர்வழி என்று காட்டிவிடும். குளிர்காலத்தில் பனியால் அடைபடும், மழைக்குப் பின் சேறு. உலர்ந்த நாளில், உயரமான வண்டியில், பகலில் மட்டும் போங்கள். போர்ட்டல் பக்கம் பறவை ஆர்வலர்களின் சொர்க்கம். எலிகன்ட் ட்ரோகன் பறவையைத் தேடி ஏப்ரல், மே மாதங்களில் நாடெங்குமிருந்து வருவார்கள். போர்ட்டலைத் தாண்டி நியூ மெக்சிகோ எல்லைக்குள் போனால் கோடையில் செல்போன் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் குதிக்கும். அரிசோனா கோடைக்கு நேரம் மாற்றுவதில்லை. ரேஞ்சரோடு வீடு பார்க்க நேரம் சொல்லியிருந்தால் இது காலை வாரிவிடும்.

நாய், டிரோன், கல்?

நாய்க்குப் பெரும்பாலான பாதைகளில் அனுமதி இல்லை. பண்ணை பக்கமுள்ள புல்வெளிப் பாதையில் கயிற்றோடு கூட்டிப் போகலாம். டிரோன் கூடாது. கல், அம்புமுனை, பழைய ஆணி என்று எதையும் எடுக்கக் கூடாது, சட்டப்படி குற்றம்.

எங்கே தங்குவது?

பூங்காவுக்குள் பொனிடா முகாம் ஒன்றுதான். இருபதுக்குச் சற்று மேற்பட்ட இடங்கள். வசந்தகால வார இறுதிகள் சீக்கிரம் நிரம்பும், ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். வண்டி நீளத்துக்கு அங்கும் 29 அடி வரம்பு. அறை வேண்டுமானால் வில்காக்ஸ்தான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வில்காக்ஸில் தங்கினால், விடியற்காலையில் ஊருக்குத் தெற்கே வறண்ட ஏரிப் பக்கம் போய்ப் பாருங்கள், சாண்ட்ஹில் கொக்குகள் ஆயிரக்கணக்கில் எழும்.

பாஸ்போர்ட் எடுத்துப் போக வேண்டுமா?

அமெரிக்கக் குடிமக்கள் அல்லாதவர்கள் கட்டாயம். இந்த வட்டாரச் சாலைகளில் எல்லைக் காவலர்களின் சோதனைச் சாவடி எப்போது வேண்டுமானாலும் இருக்கும். விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டும், நாட்டுக்குள் நுழைந்த பதிவான ஐ-94 நகலும், பச்சை அட்டைக்காரர்கள் அட்டையின் அசலும் வைத்திருக்க வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் செல்போனில் தேடிக் காட்டலாம் என்று நம்பாமல், காகிதத்தில் வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.